விலை கேளாத மனிதர்

என் சேலைக்கு இவள் அயன் பிடித்துக்கொண்டு நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது, இதற்குள் ஏதோ இருக்கிறது. தன் சட்டைக்கே அயன் பிடிக்கப் பஞ்சிப்படுகிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக விடிய எழும்பி, அலுமாரியின் அடியில் கிடந்த என் கத்தரிப்பூ நிறச் சேலையை இழுத்தெடுத்து, தண்ணீர் தெளித்து, தலைப்பைத் தனியாகக் கரையைத் தனியாகத் தேய்க்கிறாள். "என்னடி வேணு இது?" என்றேன். "சும்மா அம்மா. பின்னேரம் கசூரினாக் கடற்கரைக்குப் போவம். நீங்களும் எவ்வளவு காலம் அந்தச் சந்தைக்குள்ளயே கிடப்பியள்." சும்மாவாம். சுன்னாகச் சந்தையில் மரக்கறி விற்று இவளைப் படிப்பித்தவள் நான், எனக்குச் சும்மா என்றால் என்னவென்று தெரியாதா? சும்மா பாக்கிறன் ரஞ்சிதமக்கா என்று சொல்லிக்கொண்டு பூசணிக்காயைத் தட்டுகிறவன்தான் கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு போகிறவன். வேண்டாதவன் கிட்டவே வரமாட்டான். சேலையோடு விட்டாளா, பவுடரை எடுத்துக்கொண்டு வந்து, "கொஞ்சம் நிமிருங்கோ" என்று என் நாடியைப் பிடித்துத் தடவுகிறாள், வாடின வெண்டிக்காய்க்கு நான் விடியவே தண்ணீர் தெளித்து வைக்கிற மாதிரி. தான் மட்டும் வெளிறின ரீசேட்டும் காற்சட்டையும். தலைகூட ஒழுங்காக வாரி இழுக்கவில்லை. இவள் என்னிடம் ஏதோ கேட்கப் போகிறாள், அல்லது ஏதோ சொல்லப் போகிறாள். என்னை விட்டுப் போகப் போகிறேன் என்பதைத் தவிர இவள் சொல்லக் கூடியது வேறு என்ன. அதை வீட்டில் வைத்துச் சொன்னால் நான் சட்டி பானையை எறிவேன் என்று தெரியும். அதனால்தான் கடற்கரை, நாலு சனம் பார்க்கிற இடம், அம்மா வாயைத் திறக்கமாட்டா என்று நினைத்திருக்கிறாள். அம்மாவை இன்னும் தெரியவில்லை இவளுக்கு.

ஓட்டோக்காரனுடன் நான் பேரம் பேசவில்லை, இவளே பேசிமுடித்திருக்கிறாள், முதல்நாளே. அதுவும் சந்தேகம். பொன்னாலைப் பாலத்தில் ஏறினதும் இரண்டு பக்கமும் தண்ணீர், கொக்குகள் முழங்கால் தண்ணீரில் நின்று பார்க்கின்றன. நான் வேணுவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் போனில் என்னவோ எழுதுவதும், நான் பார்த்தால் மடியில் கவிழ்ப்பதும். யாருக்கடி எழுதுகிறாய் என்று கேட்டால் சினேகிதிக்கு என்பாள். கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால்தான் மற்றவனுக்கு வாய் தானாகத் திறக்கும், சந்தையில் நான் பழகின பாடம் அது. ஆனால் இவள் என் பிள்ளை, என்னைப் பார்த்தே வளர்ந்தவள், இவளும் வாயைத் திறக்கவில்லை. இறங்கினால் சவுக்கு மரங்கள், அதற்குக் கீழே பாய் பாயாகக் குடும்பங்கள், சுடுதண்ணிப் போத்தல், றோல்ஸ் பெட்டி, ஒருத்தி பிள்ளைக்குச் சோறு தீத்துகிறாள், கிழவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையிலே நடந்து திரிகிறார். வெள்ளை மணல், மாவரித்த மாதிரி. அப்பால் கடல். அந்தக் கடலைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சத்தமில்லை. கடல் என்றால் சத்தம் போடவேண்டும், சந்தை மாதிரி. கூவி விற்கிறவனை நம்பலாம், என்ன வைத்திருக்கிறான் என்று ஊருக்கே தெரியும். இது வாயை மூடிக்கொண்டு பளபளவென்று கிடக்கிறது. தூரத்தில் பெடியள் எவ்வளவோ வெளியில் நிற்கிறார்கள், தண்ணீர் இன்னும் முழங்காலுக்கு மேலே ஏறவில்லை. "பாத்தீங்களோ அம்மா, சின்னப் பிள்ளையளும் பயமில்லாமல் போகலாம்" என்கிறாள் வேணு. பயமில்லாத இடத்துக்கு என்னை ஏன் கூட்டிக்கொண்டு வரவேண்டும். பயமில்லாத இடம் என்று முன்னொருக்காலும் ஒருவன் எனக்குச் சொன்னவன்.

இதே கரைதான். பாதை திறந்த காலம், சண்டை நின்றிருந்தது, சனமெல்லாம் காணாததைக் கண்ட மாதிரி அங்கேயும் இங்கேயும் ஓடித் திரிந்தது. வேணுவின் தகப்பன் கலியாணம் கட்டின நாளிலிருந்து என்னை ஒரு கோயில் திருவிழாவுக்கென்றாலும் கூட்டிக்கொண்டு போனதில்லை. அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு இந்தத் தண்ணீருக்குள் நடந்தான், எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தான், அது முழங்கையால் வழிந்தது, நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைக் கன்னத்தில் அறையவேண்டும் போல் வரும். பொழுது படுகிற நேரம் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கி என் மடியில் வைத்துவிட்டு, சிகரெட் வாங்கிக்கொண்டு வாறன் என்று போனான். வந்தான்தான், இல்லை என்று சொல்லவில்லை, சிகரெட்டோடு வந்தான். ஆனால் போனது அப்போதுதான். அடுத்த கிழமை கொழும்பு, அங்கிருந்து ஏஜென்சிக்காரன், அங்கிருந்து பிரான்ஸ், அங்கே இன்னொருத்தி. கோட்டுக்கு நானே ஏறி அந்தக் கலியாணக் கட்டை நானே அவிழ்த்துவிட்டு வந்தேன், தாலியை விற்றுத் தராசு வாங்கினேன், அதுவேறு கதை. நான் பிடித்துக்கொண்டு நிற்கிறது அந்த ஒரு அசைவைத்தான்: குனிந்து, பிள்ளையை மடியில் வைத்து, கையை எடுத்த அந்த அசைவு. சந்தையில் அது தினமும் நடக்கிறது. ஒருவன் கத்தரிக்காயைக் கையில் எடுப்பான், திருப்பிப் பார்ப்பான், குறை சொல்வான், கோபிப்பான், போறன் என்பான், ஆனால் கையில் இருந்ததைக் குவியலில் திரும்ப வைக்கும்வரை அவன் போகவில்லை. வைத்துவிட்டான் என்றால் முடிந்தது, நீ எவ்வளவு இறங்கினாலும் வரமாட்டான். அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மணலிலேயே அவன் சேட்டைப் பிடித்திருப்பேன். என்னை வெளியில் கூட்டிக்கொண்டு போகிற ஆட்கள் அதற்குப் பிறகு போய்விடுகிறார்கள். இன்றைக்கு இவள் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஐஸ்கிறீம் வேணுமோ அம்மா?" என்கிறாள். "உன்ர ஐஸ்கிறீமைக் கொண்டுபோய்க் கடலுக்குள்ள போடு!" பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அப்போதுதான் நானும் பார்த்தேன். இவ்வளவு பெரிய கரையில் இடமில்லாமலா இப்படி ஒட்டிக்கொண்டு பாய் விரித்திருக்கிறார்கள்? நாங்கள் வந்தபோது அந்தப் பாய் இருந்ததா? வேணு மரங்களை எல்லாம் தாண்டி, நிழல் நல்ல இடத்தை எல்லாம் விட்டு, நேரே இங்கே வந்து, இந்த மரத்தடிதான் காத்து நல்லம் என்று விரித்தாள். ஒரு வயதுபோன மனிசி, வைரத்தோடு, தங்கச் சங்கிலி, கடற்கரைக்கு யார் வைரத்தோடு போட்டுக்கொண்டு வருவது. பக்கத்தில் உயரமான பெடியன் ஒருவன், கண்ணாடி, தாடி, போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறான், வேணு தன் போனைக் கவிழ்த்து வைக்கிற அதே விதம். இன்னொரு ஆம்பிளை முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி. ஓ, என்று நினைத்தேன். இதுதானா சங்கதி. பொம்பிளை காட்டுகிற விளையாட்டு. முன்பெல்லாம் கோயிலில் வைத்துத்தான் நடக்கும். இரண்டு பகுதியும் முன்பின் தெரியாத ஆட்கள் மாதிரி வந்து, தேர் முட்டியடியில் தற்செயலாகச் சந்தித்து, பெடியனின் தாய் பொம்பிளையிடம் திருநீறு இருக்கோ பிள்ளை என்று கேட்பாள், அதற்குள் குரலும் நடையும் பல்லும் பார்த்து முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் வெட்கமில்லை, ஏனென்றால் ஒருவரும் ஒருவரையும் பார்க்க வரவில்லை. இப்போது அதைக் கடற்கரையில் வைத்துச் செய்கிறார்கள் என்று சந்தையில் கேள்விப்பட்டேன். என்னைக் கேட்காமல் என் பிள்ளைக்கு, என் பிள்ளையே, எனக்கு முன்னால். அதனால்தான் எனக்கு அயன் பிடித்த சேலை, தாய் பிச்சைக்காரி மாதிரி இருக்கக்கூடாது என்று. ஆனால் இவள் ஏன் தலைகூட இழுக்காமல் வந்திருக்கிறாள்? அங்கேதான் எனக்குச் சிக்கியது. பிறகு அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். நல்ல சாமானை வைத்திருக்கிறவன் அடுக்கி வைக்கமாட்டான், சாக்கோடு கொட்டி வைப்பான். அவ்வளவு துணிவு என் பிள்ளைக்கு. அந்தப் பெடியன் கனடாவாக இருக்கும். அல்லது லண்டன். முகத்தைப் பார்த்தால் லண்டன்தான், வெயில்படாத முகம்.

முதுகைக் காட்டிக்கொண்டு இருந்த மனிசன் திரும்பினார், எனக்கு நெஞ்சுக்குள் தராசுத் தட்டுத் தொம்மென்று விழுந்தது. இந்தாளை எனக்குத் தெரியும். எங்கள் சந்தைக்கு வருகிற ஆள். கைவிரல் இடுக்கில் எல்லாம் எண்ணெய்க் கறுப்பு, எவ்வளவு கழுவினாலும் போகாதது, தண்ணி இறைக்கிற மோட்டர் திருத்துகிற வேலை என்று பக்கத்துக் கடை நாகம்மா ஒருநாள் சொன்னாள். ஒவ்வொரு கிழமையும் வருவார், என் குவியலுக்கு முன்னால்தான் குந்துவார், ஒரு கத்தரிக்காயை எடுப்பார், இன்னொன்றை எடுப்பார், நான் சொன்ன விலையைத் தருவார், போவார். விலை பேசமாட்டார். விலை பேசாதவனை நான் நம்புவதில்லை. ஒன்று விசரன், இல்லாவிட்டால் வேறு எதற்கோ வந்தவன். ஒருநாள் வேண்டுமென்றே கூட்டிச் சொன்னேன், ஊரில் ஒருவரும் கொடுக்காத விலை. தலையை ஆட்டிக்கொண்டு தந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, மிச்சத்தை அவர் கையில் திணித்து, "என்னை என்ன களவெடுக்கிறவள் எண்டு நினைச்சீங்களோ!" என்று ஏசி அனுப்பினேன். அடுத்த கிழமையும் வந்தார். இன்னொன்றும் இருக்கிறது. சந்தையில் என்னைக் கூப்பிடாத வாயில்லை. சின்னவன் பெரியவன் எல்லோருக்கும் ரஞ்சிதமக்கா, வயதுபோனவர்களுக்குத் தங்கச்சி. இந்த மனிசன் மட்டும் இவ்வளவு வருசத்தில் அக்கா என்றோ தங்கச்சி என்றோ ஒருநாள் சொன்னதில்லை. "இதில ஒரு கிலோ போடுங்கோ." அவ்வளவுதான். அப்போதே எனக்கு உறுத்தினது. இப்போது எல்லாம் பொருந்துகிறது. மகனுக்குப் பொம்பிளை பார்க்க முதலே தாயை எடைபோட வந்திருக்கிறார். கள்ளத் தராசுக்காரியா, வாய்க்காரியா, எவ்வளவு கேட்டால் எவ்வளவுக்கு இறங்குவாள். வருசக்கணக்காக என் முன்னால் குந்தியிருந்து என்னைப் படித்துவிட்டார்கள்.

வைரத்தோட்டு மனிசி எழும்பி வந்தா. கையில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழம். வரட்டும், வரட்டும். "பிள்ளை, கத்தி ஒண்டு கொண்டர மறந்து போனம். உங்களிட்ட இருக்கோ?" திருநீறுக்குப் பதில் கத்தி. என்னிடம் கத்தி எப்போதும் இருக்கும். கொடுக்கவில்லை, பழத்தை வாங்கி நானே வெட்டினேன், கன்னம் இரண்டையும் தனியாக, கொட்டையைத் தனியாக, வேணுவைப் பார்த்தால் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடலைப் பார்க்கிறாள். "நல்ல வெட்டு" என்றா மனிசி, பாயில் இருக்கச் சொல்லாமலே இருந்தா. "நான் புவனேஸ்வரி. உது என்ர தம்பி இராசநாயகம், உவன் அவற்ர மகன் சேயோன். தாயில்லாப் பிள்ளை, நான்தான் வளத்தனான்." பிறகு தொடங்கினா. "உங்களுக்கு இந்தச் சீனி வருத்தம், பிறஷர் அப்பிடி ஒண்டும் இல்லையோ?" பரம்பரை வியாதி விசாரிக்கிறா, பிள்ளைக்கு வருமோ என்று. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கோபம்தான்." மனிசி சிரித்தா. "அது கேள்விப்பட்டனாங்கள். வீட்டில நீங்களும் பிள்ளையும் மட்டும்தானோ? பிள்ளை வெளியில போனால் நீங்கள் தனிய எல்லோ?" கேட்டாவா இல்லையா! பிள்ளை வெளியில் போனால். நான் கத்தியைத் துடைத்தேன். மாம்பழச் சாறு விரலால் வழிகிறது, முழங்கைக்கு வந்துவிட்டது, அதே முழங்கை, அதே கரை, வேணுவின் தகப்பன் கடைசியாக வாங்கித் தந்த அந்த இனிப்பு. நான் இந்தச் சீவனை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு மற்றக் கையால் வெங்காயச் சாக்கு இழுத்தவள். பாயில் படுக்கவைத்து முருங்கைக்காய்க் கட்டால் வெயில் மறைத்தவள். அதை இந்த மனிசி, ஒரு மாம்பழத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போகப் போகிறா, வேணுவும் போகப் போகிறாள், சிரித்துக்கொண்டே. "பின்னேரங்களில என்ன செய்வியள்?" என்கிறா. பின்னேரங்களில் நான் என்ன செய்தால் இவவுக்கு என்ன? வேணு வேலையால் வரும்வரை வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அதைச் சொல்வேனா?

சொல்லவில்லை. எழும்பிவிட்டேன். அவர்களின் பாய்க்கு நேரே போய், அந்தத் தாடிக்காரப் பெடியனுக்கு முன்னால் நின்று, கத்தியும் கையுமாக, எனக்கே தெரியும் கத்தியை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். "தம்பி, ஒளிச்சு விளையாட வேண்டாம். என்னைக் கேளாமல் என்ர பிள்ளையைப் பாக்க வாறதெண்டால் அது என்ன குடும்பம்? கனடாவோ, லண்டனோ, எங்க கொண்டுபோகப் போறாய்? நான் விடன். விளங்கிச்சோ? வைரத்தோடு போட்டு வந்தால் நான் பயந்திடுவனோ? என்னிட்ட நேர கேக்கத் துணிவில்லாதவனுக்கு நான் பிள்ளை தரமாட்டன்!" கரையில் இருந்த பாய் முழுக்கத் திரும்பினது. சோறு தீத்தினவள் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டாள். பெடியன் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தான், பிறகு வேணுவைப் பார்த்தான், பிறகு விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினான். "அன்ரி, எனக்குக் கலியாணம் முடிஞ்சுது. என்ர மனிசி இப்ப மாசமாயிருக்கிறா, வீட்டில படுத்திருக்கிறா. நான் சுழிபுரத்தில பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். கனடா எந்தப் பக்கம் எண்டும் எனக்குத் தெரியாது." "அப்ப ஏன் வந்தனீங்கள்?" இராசநாயகம் என்ற அந்த மனிசன் தன் எண்ணெய்க் கறுப்பு விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார், காது இரண்டும் சிவந்து. வேணு வந்து என் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கினாள். "அம்மா. அவை பாக்க வந்தது என்னை இல்லை." "பின்ன ஆரை?" "உங்களை."

எனக்குப் பிறகு அங்கே நிற்க முடியவில்லை. செருப்பைக் கழற்றினேனா, கழன்றதா தெரியாது, கடலுக்குள் நடந்தேன். என்னை. கத்தரிப்பூச் சேலை, பவுடர், நிமிருங்கோ அம்மா. நான் விற்கிறவள் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன், குவியலுக்கு மேலே அடுக்கிவைத்திருந்தது என்னை. சீனி வருத்தம் கேட்டது எனக்கு. பிள்ளை போனால் தனிய எல்லோ என்று கேட்டது, ஐயோ, அதுவும் எனக்கு. வேணு பின்னால் ஓடிவந்து, காற்சட்டை நனைய, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினாள். "கோவியாதேங்கோ. எனக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் வந்திருக்கு, பதவி உயர்வோட. புரட்டாசியில போகவேணும். உங்களைத் தனிய விட்டிட்டு நான் போகன், வேண்டாம் எண்டு எழுதிக் குடுக்கத்தான் இருந்தனான். அவர் ஒருநாள் என்ர ஒபிசுக்கு வந்தார் அம்மா, கையைக் கட்டிக்கொண்டு, உங்கட அம்மாவோட கதைக்க எனக்குப் பயமாயிருக்கு, நீங்கள்தான் சொல்லவேணும் எண்டு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நீங்கள் வேண்டாம் எண்டால் வேண்டாம். நானும் போகேல்லை, அவ்வளவுதான்." ஆகவே போகத்தான் போகிறாள். நான் சந்தேகப்பட்டது சரி. எல்லாம் பிழையாகச் சந்தேகப்பட்டு, அது ஒன்று மட்டும் சரி. என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் போகிறவர்கள்தான். ஆனால் இவள் போகமாட்டேன் என்றும் சொல்கிறாள், என் வாயால் விடை கேட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நிற்கிறாள், இவள் தகப்பன் கேட்டானா? "போடி கரைக்கு" என்றேன். "அம்மா..." "போ எண்டால் போ. நான் சாகமாட்டன், இந்தக் கடலில சாகவும் ஏலாது." உண்மைதான். நடக்க நடக்கத் தண்ணீர் முழங்காலிலேயே நின்றது. கோபத்தில் கடலுக்குள் இறங்கினவளுக்கு இடுப்பளவு ஆழமென்றாலும் வேண்டாமா? சேலைக்கரை ஊறிப் பாரமாகி இழுத்தது. காலுக்குக் கீழே மணல் வரிவரியாக, திடமாக, எங்கே வைத்தாலும் தாங்கியது. வைக்கிற ஒவ்வொரு அடியிலும் இப்போது பள்ளம் வரும், இப்போது வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எத்தனை காலமாக நான் பள்ளம் வருமென்று நினைத்து நினைத்துக் காலை வைத்திருக்கிறேன், அந்த நினைப்பு ஒரு கணம் வந்தது, நான் அதை உடனே தள்ளிவிட்டேன். இந்தக் கடலை இன்னும் நம்பவில்லை நான்.

பின்னால் தண்ணீர் கலங்குகிற சத்தம். திரும்பினால் அந்த மனிசன், காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, என் செருப்பு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு. "உங்கட செருப்பை அலை அடிச்சுக்கொண்டு போகப் பாத்தது" என்றார். நான் கடலைப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. "எந்த அலை?" அவரும் கடலைப் பார்த்தார். "கிட்ட வர ஒரு சாட்டு வேணுமெல்லோ" என்றார். பொய் சொல்லவும் தெரியாத ஆள். இதுவும் ஒரு யுக்தியாக இருக்கலாம், பொய் சொல்லத் தெரியாத மாதிரி நடிக்கிறவன்தான் மகா கள்ளன். "ஏன் என்னட்ட விலை பேசுறேல்லை?" "நீங்கள் சொல்லுற விலை சரிதானே." "அண்டைக்குச் சொன்னது சரியோ? பேய்விலை சொன்னனான்!" "தெரியும். ஆனால் பேசினால் ஏசுவியள் எண்டு பயம்." "விசர் மனிசன், பேசியிருந்தால் கனநேரம் நிண்டிருக்கலாமே, சனம் அதுக்குத்தானே பேசுறது!" "அது எனக்குப் பிறகுதான் விளங்கினது" என்றார், தண்ணீரைப் பார்த்தபடி. "அக்கா எண்டு ஏன் ஒருநாளும் கூப்பிடேல்லை?" அதற்கு உடனே பதில் வந்தது, நெடுநாளாக வாய்க்குள் வைத்திருந்த பதில் மாதிரி. "ஒருக்காக் கூப்பிட்டால் பிறகு மாத்தேலாது." எனக்கு முகம் சுட்டது. வெயில். பொழுது சாய்ந்துவிட்டது என்றாலும் வெயில்தான். நான் குரலை உயர்த்தினேன், குரல் உயர்ந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வரும். "நான் கடையை விடன்." "ஆர் விடச் சொன்னது." "எனக்குக் கோபம் வந்தால் சாமான் பறக்கும்." "நான் திருத்துற ஆள்." "உந்தக் கதையெல்லாம் இப்ப வேண்டாம். எனக்கு அடுத்த தை வரைக்கும் நினைச்சுப் பாக்கவும் நேரமில்லை." அவர் தலையை நிமிர்த்தினார். முதல்முறையாக என் முகத்தை நேரே பார்த்தார். "ஆவணி" என்றார். "என்னது?" "ஆடி கழியட்டும். ஆவணி நல்லம். பிள்ளை புரட்டாசியில போறாவெல்லோ, அவ நிண்டு பாத்திட்டுப் போகட்டும்." "ஆவணியோ! என்ன கத்தரிக்காய் வாங்கவோ வந்தனீங்கள்? கார்த்திகைக்கு இந்தப் பக்கம் நான் கதைக்கவே மாட்டன்!"

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. விற்கிற எண்ணம் இல்லையென்றால் விலை சொல்லக்கூடாது. சொன்னால் அது பேரம். புதிதாகக் கடை போடுகிற பெட்டைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். நான் தை என்றேன், கார்த்திகைக்கு இறங்கினேன், எனக்கே தெரியாமல். அவருக்குத் தெரிந்துவிட்டது, வாயின் ஓரத்தில் அது தெரிந்தது. "அப்ப சரி, நான் வாறன்" என்று திரும்பி நடக்கத் தொடங்கினார். கரையை நோக்கி, மெதுவாக, தண்ணீரைக் கலக்காமல். நான் நின்றேன். போகிறானே, போகட்டும், போகிறவர்கள் போகத்தானே பிறந்தவர்கள், பிள்ளையை மடியில் வைத்துவிட்டுக் கையை எடுத்த அந்த அசைவு, சிகரெட், வாறன் என்ற அதே சொல். கண்ணை மூடப் பார்த்தேன். பிறகு திறந்து பார்த்தேன், சந்தைக் கண்ணால். உண்மையாகப் போகிறவன் இப்படியா போவான்? உண்மையாகப் போகிறவன் விறுவிறென்று போவான். இவ்வளவு மெதுவாகப் போகிறவன் கூப்பிடட்டும் என்று போகிறவன். என் கடைக்கு முன்னால் வருசக்கணக்காகக் குந்தியிருந்து, மற்றவர்கள் என்னோடு பேசுவதைப் பார்த்துப் பார்த்துப் படித்த நடை அது, எனக்கே நடந்து காட்டுகிறார். பொல்லாத மனிசன். அப்போதுதான் அவருடைய கையைப் பார்த்தேன். என் செருப்பு இரண்டும் இன்னும் அந்தக் கையிலேயே இருந்தன. என்னிடம் தரவில்லை. தண்ணீரில் போடவில்லை. கரையில் வேணு எழும்பி நிற்கிறாள், கையைக் கண்ணுக்கு மேலே வைத்து, புவனேஸ்வரி மனிசி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தாடிக்காரப் பெடியன் மாங்கொட்டையைச் சூப்பிக்கொண்டு. நான் இன்னும் ஒருவரையும் நம்பவில்லை. இந்த ஆளையும் நம்பவில்லை, இந்தக் கடலையும் நம்பவில்லை, இந்த மணல் இன்னும் எவ்வளவு தூரம் தாங்குமென்றும் எனக்குத் தெரியாது. ஆனால் பொழுது படுகிற நேரம், சாமான் அவர் கையில், இதற்கு மேலே நின்றால் பேரம் முறிந்துவிடும். வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, சந்தையின் அந்தக் கடைசித் தொங்கலில் நிற்கிறவனுக்கும் கேட்கிற குரலில், அந்தச் சத்தமில்லாத கடல் முழுக்கக் கேட்கக் கத்தினேன்:

"ஆவணி கடைசி! அதுக்குக் கீழ ஒரு நாளும் இறங்கன்!"